எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள்: என்ன செய்யலாம், சொல்லுங்கள்

வரப்போரம் | 4 ஜனவரி 2025, இரவு 9.40

வணக்கம். புத்தாண்டு பிறந்த கையோடு எங்கள் ஊருக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தது. 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள், அதோடு 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் பெரிதாக்க அவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்ப்பது என்று அரசு அறிவித்திருக்கிறது அல்லவா, அந்தப் பட்டியலில் எங்கள் ஊராட்சியும் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். நகராட்சி எல்லையில் இருந்து ஆறு கிலோமீட்டர். சுமார் 4,200 பேர். நெல், கொஞ்சம் வாழை, மீதி கூலி வேலை.

எனக்குக் கோபம் வந்தது சேர்ப்பதற்காக மட்டும் அல்ல. நவம்பர் 1-ல் இருந்து தள்ளிப்போய் 23-ல் நடந்த கிராமசபையில் நான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் பேசினோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஐந்து வாரம் கழித்து தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். நகராட்சி ஆனால் அது நின்றுவிடும் என்கிறார்கள். வீட்டு வரி பல மடங்கு ஏறும் என்கிறார்கள். எது உண்மை, எது வதந்தி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டேங்க் தெரு | 4 ஜனவரி, 10.15

நூறு நாள் வேலை நிற்கும் என்பது உண்மைதான். 2005 சட்டத்திலேயே ஊரகப் பகுதி எது என்று எழுதியிருக்கிறார்கள்: நகர்ப்புற உள்ளாட்சியோ கன்டோன்மென்ட் போர்டோ இருக்கும் இடம் அதில் வராது. எல்லை மாறி, நகராட்சி வார்டு என்று அரசிதழில் வந்துவிட்டால் அட்டை செல்லாது.

2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். முழு 100 நாளும் எங்கும் கிடைப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். ஐம்பது நாள் கிடைத்தாலே ஒரு வயதான பெண்மணிக்கு வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். அது அவர் சொந்தக் கையில் வரும் பணம், மகனிடம் கேட்டு வாங்குவது அல்ல. இதைச் சின்ன விஷயமாக நினைக்கவே முடியாது.

---

மேலவாசல் | 5 ஜனவரி, காலை 7.05

எல்லோரும் எதிர்ப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். நகராட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊராட்சிகளைப் போய்ப் பாருங்கள். வயலெல்லாம் மனையாகிவிட்டது. ஆயிரம் புது வீடு, ஆனால் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க் லாரி நிரம்பியதும் எங்கே கொட்டுகிறது? வாய்க்காலில். குப்பையை ரோட்டோரம் வைத்துக் கொளுத்துகிறார்கள். இரண்டு தூய்மைக் காவலர்களையும் ஒரு பேட்டரி வண்டியையும் வைத்துக்கொண்டு ஊராட்சி என்ன செய்யும்?

எங்கள் பகுதி இப்படித்தான் இருந்தது. நகரம் ஏற்கெனவே வந்துவிட்டது, நிர்வாகம் மட்டும் பின்னால் நின்றது. சேர்த்தது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

---

வரப்போரம் | 5 ஜனவரி, 7.50

அண்ணா, நீங்கள் சொல்லும் ஊர் மாதிரி இருந்தால் நானே கையெழுத்துப் போடுவேன். எங்கள் ஊரில் ஒரே ஒரு மனைப்பிரிவு இருக்கிறது, அதிலும் கல் நட்டதோடு சரி. மாடு மேய்கிறது. நகரம் எங்களிடம் இன்னும் வரவில்லை.

---

பழைய பில் கலெக்டர் | 5 ஜனவரி, 11.30

நான் முப்பது வருடம் வரி வசூலித்தவன். பல மடங்கு என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. விவரத்தோடு சொல்கிறேன்.

2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்தினார்கள். சென்னைக்குத் தனிக் கணக்கு. மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். அதற்கு அப்புறம் ஆண்டுதோறும் உயரும் ஏற்பாடும் வந்துவிட்டது. போன வருடம் 6 சதவீதம் ஏறியது.

ஊராட்சியில் நீங்கள் கட்டுவது வருடத்துக்கு ஒரு முறை, சிறிய தொகை. நகராட்சியில் அரையாண்டுக்கு ஒரு முறை. புதிதாகச் சேரும் பகுதிக்கு எந்த மண்டலம், சதுர அடிக்கு என்ன அடிப்படை மதிப்பு என்பதுதான் முக்கியம். கடைத்தெருவும் உங்கள் வயலோர வீடும் ஒரே மண்டலத்தில் விழக் கூடாது. பெரும்பாலான ஊர்களில் மக்கள் இதை விட்டுவிட்டு நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு சண்டை போடுகிறார்கள். முதலிலேயே கேளுங்கள்.

வரி மட்டும் அல்ல தம்பி. காலிமனை வரி வரும். குடிநீர்க் கட்டணம் மாறும். குப்பைக்குத் தனிக் கட்டணம் உண்டு. வீட்டின் அளவைப் பதியும்போது உடன் நின்று பாருங்கள். மாட்டுக்கொட்டகையைக் குடியிருப்பில் சேர்த்து எழுதிய கதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

---

ஊருணி | 5 ஜனவரி, மாலை 6.20

நான் இருக்கும் பகுதி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அந்த வருடம் சென்னை 155 வார்டில் இருந்து 200 ஆனது, மதுரையும் கோவையும் 72-ல் இருந்து 100 ஆயின. அப்படிச் சேர்ந்த பல பகுதிகளில் எங்களுடையதும் ஒன்று.

பதின்மூன்று வருடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தெருவிளக்கு நன்றாக ஆனது. பெரிய சாலைகள் சரியாயின. வரி அடுத்த அரையாண்டிலேயே வந்துவிட்டது. பாதாளச் சாக்கடைக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தோம், இன்னும் எங்கள் தெருவுக்கு இணைப்பு வரவில்லை. இதெல்லாம் எல்லோரும் பேசுவதுதான்.

யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. எங்கள் ஊருணியில் ஆகாயத்தாமரை மூடியபோது, ஊராட்சியாக இருந்திருந்தால் அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று கேட்டிருப்பேன். தலைவர் எதிரில் இருப்பார், கிளர்க் பதிவேட்டில் எழுதுவார், அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருப்பார். இப்போது? கவுன்சிலரைத் தேடிப் போக வேண்டும். மன்றக் கூட்டத்தில் பேசுவது அவர்தான், நான் இல்லை. மனு கொடுத்தேன், செயலியில் புகார் போட்டேன், தீர்வு காணப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. தாமரை அப்படியே கிடந்தது.

நூறு நாள் வேலைக்காகவும் வரிக்காகவும் போராடுங்கள், நியாயம்தான். ஆனால் நீங்கள் இழக்கப்போகும் பெரிய பொருள் அந்த மைக். கேட்பவர்களை உட்கார வைத்துக் கேட்கும் அந்த நாள்.

---

சட்டக்கல்லூரி மூன்றாமாண்டு | 5 ஜனவரி, 8.45

ஊருணி அக்கா சொன்னது சட்டத்திலேயே இருக்கிறது. நான் படித்ததை எழுதுகிறேன்.

73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு, 74-ஆவது நகரங்களுக்கு. இரண்டும் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. 243-ஏ பிரிவில் கிராமசபை அரசியல் சாசனத்துக்குள் வந்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியதில்லை.

நகரத்துக்கு அதற்கு ஈடாக இருப்பது 243-எஸ் சொல்லும் வார்டு கமிட்டி. அது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும் கட்டாயம். அதாவது ஒரு சின்ன நகராட்சியில் வாழ்பவருக்கு, கிராமத்து ஆளுக்கு இருக்கும் அந்த நேரடிச் சபை உரிமையை அரசியல் சாசனம் தரவில்லை. தமிழ்நாடு 2022-ல் விதி கொண்டுவந்து எல்லா நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று ஏற்படுத்தியது. அந்த வருடம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். விதி இருக்கிறது. ஆனால் உங்களில் எத்தனை பேர் பகுதி சபைக்குப் போயிருக்கிறீர்கள்?

---

ஊருணி | 5 ஜனவரி, 9.10

எங்கள் வார்டில் ஒன்று நடந்ததாகச் சொன்னார்கள். நடந்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தண்டோரா இல்லை, நோட்டீஸ் இல்லை.

---

மேலவாசல் | 5 ஜனவரி, 9.30

நான் போயிருக்கிறேன். இருபது பேர் வந்தோம். கவுன்சிலர் குறித்துக்கொண்டார், இரண்டு வேலை நடந்தது. ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் ஊரே எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை அங்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

கிழக்குத்தெரு | 6 ஜனவரி, காலை 6.30

எல்லோரும் கிராமசபையைப் பற்றி இவ்வளவு பாசமாகப் பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் இருந்தும் ஒரு குரல் வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் காலனிக்காரன். எங்கள் ஊர் கிராமசபை எப்போதும் கோயில் திடலில்தான் நடக்கும். எங்கள் அப்பா ஓரமாக நின்றுதான் கேட்பார். ஒருமுறை எங்கள் தெருவுக்குத் தனித் தண்ணீர்த் தொட்டி கேட்டபோது, உங்களுக்கு என்ன அவசரம் என்று மேடையில் இருந்தவர் கேட்டார். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளை மறந்துவிட்டீர்களா? தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996-ல் இருந்து பத்து வருடம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த விடவில்லை. 2006-ல்தான் நடந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு நகராட்சி என்றால் வரி மட்டும் அல்ல. அங்கே யார் வீட்டு மகன் என்று பார்க்காமல் கவுன்டரில் வரிசையில் நிற்கலாம். என் மாமா பையன் நகராட்சிப் பகுதிக்குக் குடிபோன பிறகுதான் டீக்கடையில் நிம்மதியாக உட்கார்ந்தான்.

நான் இணைப்பை ஆதரிக்கிறேன் என்று சொல்லவில்லை. எங்கள் அம்மாவும் நூறு நாள் வேலைக்குத்தான் போகிறார். அந்தத் திட்டத்தால்தான் எங்கள் பெண்கள் முதல் முறையாக ஆண்டை வயலுக்குப் போகாமல் கூலி வாங்கினார்கள். ஆனால் ஊர் என்று சொல்லும்போது எந்த ஊர் என்று யோசியுங்கள்.

---

வரப்போரம் | 6 ஜனவரி, 1.20

அண்ணா, இரண்டு முறை படித்தேன். எங்கள் ஊரிலும் சபை பிள்ளையார் கோயில் முன்னால்தான் நடக்கும். கிழக்குத் தெருப் பெண்கள் பின்னால் நிற்பார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன், அதைக் கவனித்ததே இல்லை. இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. யோசிக்கிறேன்.

---

டேங்க் தெரு | 6 ஜனவரி, 3.00

இன்னொரு விஷயம். நேற்றோடு 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், தனி அலுவலர்கள் வருகிறார்கள். வரப்போரம் தம்பி, உங்கள் மாவட்டமும் அதில் வருமானால், ஜனவரி 26-ல் உங்கள் எதிரில் தலைவர் இருக்க மாட்டார். ஊர் தன் பெயரை இழக்கப் போகும் நேரத்தில் அதற்காகப் பேச ஊரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. எனக்கு இதுதான் வயிற்றைப் பிசைகிறது.

பணமும் இருக்கிறது. ஒன்றிய அரசு தரும் 15-ஆவது நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்குத்தான். தேர்தல் தள்ளிப்போகப் போக அதுவும் நிற்கும்.

---

சட்டக்கல்லூரி மூன்றாமாண்டு | 6 ஜனவரி, 7.15

கிராமசபைத் தீர்மானம் போட்டால் இணைப்பு தானாக ரத்தாகாது. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் ஏமாறக் கூடாது. எல்லையை மாற்றும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது.

ஆனால் 243-கியூ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓர் இடத்தை நகர்ப்புறம் என்று அறிவிக்க எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது: மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சியின் வருவாய், விவசாயம் அல்லாத வேலை செய்பவர்களின் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம். உங்கள் ஆட்சேபணையை இதன் மேல் கட்டுங்கள். "எங்களுக்கு வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்விடும். எத்தனை குடும்பம் விவசாயக் கூலி, எத்தனை ஏக்கர் நஞ்சை, எத்தனை நூறு நாள் அட்டை என்று கணக்கோடு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், ஆட்சேபணைக்கு எத்தனை நாள் என்பது அரசிதழ் அறிவிப்பிலேயே இருக்கும். வாட்ஸாப்பில் வருவதை நம்பாமல் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் படியுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

---

பழைய பில் கலெக்டர் | 7 ஜனவரி, 10.00

கோரம் கவனம், அதாவது சபைக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது. ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. உங்கள் ஊருக்கு 200. இருநூறு கையெழுத்து இல்லாமல் தீர்மானம் போட்டால் பிறகு செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். கையெழுத்து நோட்டு முதலில், பேச்சு அப்புறம்.

தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி முடிக்கும் வரை யாரும் எழுந்து போகாதீர்கள். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "பரிசீலிக்கக் கோரப்பட்டது" என்று எழுதுவதும் "எதிர்ப்புத் தெரிவித்து நிறைவேற்றப்பட்டது" என்று எழுதுவதும் ஒன்றல்ல.

---

மேலவாசல் | 24 ஜனவரி, காலை 8.10

நேற்றைய செய்தி பார்த்தீர்களா? நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஒன்றிய அரசு ரத்து செய்துவிட்டது. அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊர்களும் நவம்பர் 23 கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. இந்த மாதம் 7-ஆம் தேதி மதுரைக்குள் ஊர்வலமாக நடந்து வந்தார்கள். இரண்டே மாதம்.

தீர்மானம் மட்டும் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாள்தான் முதல் அடி. வரப்போரம், நான் என் கருத்தை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. உங்கள் ஊரைக் கேட்காமல் செய்வது தவறு என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

---

வரப்போரம் | 27 ஜனவரி, இரவு 10.30

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கிழக்குத்தெரு அண்ணா எழுதியதற்கு அப்புறம் எங்களில் நாலு பேர் போய்ப் பேசினோம். இந்த முறை கோயில் முன்னால் வேண்டாம், பள்ளிக்கூட மைதானத்தில் வைக்கலாம் என்று மனு கொடுத்தோம். தனி அலுவலர் ஒத்துக்கொண்டார். ஊருக்குள் சிலருக்கு முகம் சுருங்கியது. சரி, சுருங்கட்டும்.

பதினொரு மணிக்குள் கையெழுத்து முந்நூறைத் தாண்டியது. பாதிக்கு மேல் பெண்கள். கிழக்குத் தெருவில் இருந்து வந்த ஓர் அம்மா மைக்கைப் பிடித்து, "சீமை ஓட்டு வீட்டுக்கு எவ்வளவு வரி போடுவீங்க, அதை முதல்ல சொல்லுங்க" என்று கேட்டார். தனக்குத் தெரியாது, நகராட்சிதான் முடிவு செய்யும் என்று அலுவலர் சொன்னார். அந்த அம்மா விடவில்லை. "அப்ப தெரிஞ்சவங்கள வரச் சொல்லுங்க, நாங்க உக்காந்திருக்கோம்." மைதானமே அமைதியாகிவிட்டது. இதே அம்மாவை நான் பத்து வருடமாகச் சபையில் பார்த்திருக்கிறேன். அவர் குரலை நேற்றுதான் முதல் முறை கேட்டேன்.

அடுத்து டேங்க் ஆபரேட்டர் எழுந்தார். இணைப்புக்குப் பிறகு தானும் தூய்மைக் காவலர்களும் வேலையில் இருப்போமா என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் பெயர் வந்து வீடு தொடங்காதவர்கள் இருக்கிறார்கள், அது ஊரகத்துக்கான திட்டம், அவர்கள் கதி என்ன என்று இன்னொருவர் கேட்டார்.

ஆதரித்தும் மூன்று பேர் பேசினார்கள். மெயின் ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள். அவர்களையும் பேச விட்டோம், அதையும் பதிவேட்டில் எழுதச் சொன்னோம். எழுதியதை வாசிக்கச் சொன்னேன், பில் கலெக்டர் ஐயா சொன்னது போலவே "பரிசீலிக்க" என்றுதான் முதலில் இருந்தது. திருத்தி எழுதிய பிறகுதான் கலைந்தோம். அடுத்து, ஆட்சேபணைக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறோம்.

---

ஊருணி | 28 ஜனவரி, 6.45

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது தம்பி. அந்தத் தீர்மானத்தின் நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் தர வேண்டும். எங்கள் ஊராட்சியின் பழைய பதிவேடுகள் இணைப்புக்குப் பிறகு எங்கே போயின என்று இன்று வரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊருணியின் பரப்பு எவ்வளவு என்பதே அதில்தான் இருந்தது. உங்கள் ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு, சுடுகாடு எல்லாவற்றுக்கும் சர்வே எண்ணோடு அ-பதிவேட்டு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) நகலும் புலப்படமும் இப்போதே வாங்கி வையுங்கள். இணைப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவை வேண்டும்.

---

கிழக்குத்தெரு | 28 ஜனவரி, இரவு 9.00

மைதானத்தில் வைத்ததற்கு நன்றி தம்பி. எங்கள் ஊரில் இதைக் காட்டிப் பேசப் போகிறேன். மே 1-ல் எங்கள் சபையும் பள்ளிக்கூடத்தில் நடக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போவதாகச் சொன்னீர்களே, யார் கையில் நோட்டு இருக்கும்?

---

வரப்போரம் | 29 ஜனவரி, காலை 6.10

நகலுக்கு நேற்றே மனு போட்டுவிட்டேன் அக்கா. சர்வே எண் பட்டியலை எங்கள் வாத்தியார் தொடங்கிவிட்டார், ஏரிக்கு மட்டும் நான்கு எண் வருகிறது.

அண்ணா, நான்கு நோட்டு போட்டிருக்கிறோம். இரண்டு கிழக்குத் தெருப் பெண்களிடம் இருக்கும், ஒன்று அன்று மைக் பிடித்த அந்த அம்மாவின் மகளிடம். குடும்பத் தொழில், நிலம், நூறு நாள் அட்டை எண், வீட்டின் சதுர அடி, கூரை வகை என்று ஐந்து கட்டம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பம். பிள்ளையார் கோயில் தெரு கடைசியில் வரும், கிழக்குத் தெருவில் இருந்து தொடங்குகிறோம்.